யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கோச்சியில் (ரயிலில்) வர முடியுமா?

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எழுபது தாண்டிய அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கோணேசர் கோயிலுக்குக் கூட்டிவர வேண்டும், பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு நெடுநேரம் இருக்க அவரால் இயலாது, கோச்சி உண்டா என்பது ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே ஏன் ஒரு வண்டியும் இல்லை என்பது இரண்டு. திருகோணமலை ஸ்டேஷன் ஒரு காலத்தில் பெரிய ஸ்டேஷன் என்று அப்பப்பா சொன்னாரே, இப்போது ஏன் பெரும்பாலான நேரம் அமைதியாகக் கிடக்கிறது என்பது மூன்று. மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. திருகோணமலைக்கு வந்த தண்டவாளம் கொழும்பைப் பார்த்துப் போடப்பட்டது, யாழ்ப்பாணத்தைப் பார்த்தல்ல. வண்டி ஓடும் நேரம், அதன் தாமதம், அதில் ஏறும் சனம், ஏற்றும் சரக்கு எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் தூரக் கணக்கு. வடக்குப் பாதை பொல்கஹவெலயில் பிரிந்து குருநாகல், மாஹோ, அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம், காங்கேசன்துறை போகிறது. கிழக்குப் பாதை மாஹோவில் பிரிந்து கெக்கிராவ, ஹபரணை வழியாகக் கல்ஓயா சந்திக்கு வருகிறது. அங்கே அது இரண்டாகிறது. ஒரு கிளை பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு, மற்றது கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து தண்டவாளத்திலேயே வர வேண்டுமென்றால் மாஹோ வரை தெற்கே இறங்கி, அங்கே வண்டி மாறி, திரும்ப வடகிழக்காக ஏற வேண்டும். யாழ்ப்பாணம்–மாஹோ ஏறக்குறைய 260 கிலோமீற்றர், மாஹோ–திருகோணமலை ஏறக்குறைய 160. மொத்தம் 420க்குக் கிட்ட. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியான றோட்டில் அதே பயணம் 240 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். மாஹோவில் வடக்கு வண்டி வரும் நேரமும் திருகோணமலை வண்டி கடக்கும் நேரமும் ஒன்றையொன்று பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. நடுச்சாமத்தில் வயதான ஒருவரை அந்த மேடையில் மணிக்கணக்காக இருத்தி வைக்க வேண்டி வரும். முடியுமா என்றால் முடியும். செய்யலாமா என்றால், வேண்டாம்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது பாதி கோச்சி, பாதி றோட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை கோச்சியில் வாருங்கள். போருக்குப் பின் புதிதாகப் போடப்பட்ட பாதை அது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில் சேவை மீண்டது. தண்டவாளம் புதிது என்பதால் ஆட்டம் குறைவு, காலை நீட்டி இருக்கலாம், நடுவில் எழுந்து இரண்டடி நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கு இவையெல்லாம் பெரிய விஷயம். வவுனியாவில் இறங்கி ஓட்டோவில் பஸ் நிலையம் போய்த் திருகோணமலை பஸ் எடுத்தால் மிச்சம் 95 கிலோமீற்றர் அளவுதான். ஒரு வானைப் பேசி வவுனியா ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கச் சொன்னால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து முழுத் தூரமும் வான் பிடிக்கும் செலவில் ஒரு பங்கோடு முடியும். அனுராதபுரம் வரை கோச்சியில் வந்து அங்கிருந்து பஸ் எடுக்கிறவர்களும் உண்டு, ஆனால் அந்த றோட்டு 106 கிலோமீற்றர். வடக்கிலிருந்து வருகிறவருக்கு வவுனியாவே கிட்ட. காலை வண்டியில் புறப்படுங்கள். பின்னேர வண்டியில் வந்து, வவுனியாவில் கடைசிப் பஸ் போன பிறகு நின்றால் இந்தத் திட்டம் முழுக்கக் குழம்பிவிடும்.

இனி ஏன் இப்படி என்பது. வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை 1905இல் முடிந்தது. திருகோணமலைக்குக் கோச்சி வர அதற்குப் பின்னும் இருபது வருசத்துக்கு மேல் சென்றது. 1927இல் இங்கே பாதை திறந்தது, அடுத்த வருசம் 1928இல் மட்டக்களப்புக்கு. இரண்டும் ஒரே திட்டத்தின் இரு கைகள். பிரித்தானியர் கடற்படைக்காக மட்டும் போட்ட பாதை இது என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி சரி. திருகோணமலையின் இயற்கைத் துறைமுகமும் அங்கிருந்த கடற்படைத் தளமும் இல்லாமல் இந்தக் கிளை இங்கே வந்திருக்காது. துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்ததும் அந்தக் காலப்பகுதியில்தான். ஆனால் கடற்படைத் தளம் இல்லாத மட்டக்களப்புக்கும் அதே கையோடு பாதை போனதைப் பார்த்தால், காரணம் கடற்படை ஒன்று மட்டுமல்ல என்பது விளங்கும். கிழக்கின் நெல்லும் சனமும் கொழும்போடு சேர வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் சேர்க்க நினைத்தது கொழும்போடு. வவுனியாவையும் திருகோணமலையையும் தண்டவாளம் ஒருபோதும் நேரே இணைத்ததில்லை. தமிழ் ஊர்கள் ஒன்றோடொன்று போய்வரும் வழியை நினைத்து இந்த வலை பின்னப்படவில்லை, அந்தக் குறை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அப்பப்பா சொன்ன பரபரப்பு உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் நிறைந்திருந்தன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள், எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. ஜப்பானிய விமானி வேண்டுமென்றே தாங்கியில் மோதினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. குண்டு வீச்சும் எரிந்த தாங்கியும் உறுதி, விமானியின் மனதில் இருந்ததை உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போனதும் அந்த நடமாட்டம் வடிந்தது. பிறகு உள்நாட்டுப் போர். அந்த ஆண்டுகளில் சேவை பலமுறை நின்று நின்று ஓடியது. சனம் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. ஒரு தலைமுறை பழகிய வழியை வண்டி திரும்ப ஓடத் தொடங்கியதும் விட்டுவிடாது.

வண்டி ஏன் குறைவு, ஏன் மெதுவு என்பதற்குப் பாதையின் உடம்பே ஒரு காரணம். இது இலகு இரயில்பாதையாகக் கட்டப்பட்டது. அகலம் மற்றப் பாதைகளைப் போலவே ஐந்தடி ஆறு அங்குலம், அதனால் கொழும்புப் பெட்டிகள் நேரே வரலாம். ஆனால் இலகு பாதை என்றால் செலவைக் குறைத்துப் போடுவது. தண்டவாளத்தின் எடை குறைவு, அடியில் சல்லி குறைவு, மண் அணையின் உயரமும் குறைவு. அத்திவாரம் அப்படி அமைந்த பாதையில் பாரமான எஞ்சினை வேகமாக விட முடியாது. கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் வயல்வெளி ஊடாகப் போகும் துண்டைப் பாருங்கள். மார்கழி மழைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும். அணை ஊறி மண் இளகினால் தண்டவாளம் ஒரு பக்கம் சாயும். அதனால் மழைக்காலத்தில் சில இடங்களில் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள், வெள்ளம் அதிகமானால் சேவையையே நிறுத்துவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வருவதானால் புறப்படுகிற அன்றே விசாரித்துவிட்டு வாருங்கள். அரசாங்கத் தகவல் இலக்கம் 1919, தமிழிலும் பேசலாம்.

அடுத்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் வராமல் காப்பது டேப்லட் முறை. இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பாதையை ஒரு துண்டு என்று வையுங்கள். அந்தத் துண்டின் இரு முனை ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இயந்திரம். அதற்குள் வட்ட உலோகத் தகடுகள், அதில் அந்தத் துண்டின் பெயர் பொறித்திருக்கும். இந்த முனை நிலைய அதிபர் தகடு எடுக்க வேண்டுமென்றால் அந்த முனை நிலைய அதிபர் மின்கம்பி வழியாக அனுமதி தர வேண்டும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால் அது திரும்ப ஏதாவது ஒரு முனையில் உள்ளே போகும் வரை இரண்டு இயந்திரமும் இறுகிவிடும், அடுத்த தகடு வராது. தகடு கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் போகக் கூடாது. பெரிய வளையத்தில் தோல்பை தொங்க, ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதைக் கண்டிருப்பீர்கள், அந்தப் பைக்குள் இருப்பது இதுதான். பழைய முறை, ஆனால் கெட்டியான முறை. இதன் விலை நேரம். எதிர்வண்டி தாமதித்தால் உங்கள் வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்தாலும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் கடவை ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டியின் தாமதம் அடுத்த வண்டிக்குத் தொற்றும். இயந்திரம் பழுதானால் தொலைபேசியில் உறுதிப்படுத்தி எழுத்தில் அனுமதி கொடுத்துத்தான் விடுவார்கள், அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். காட்டுக்கு நடுவில் ஏன் சும்மா நிற்கிறது என்று சனம் கோபப்படும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மற்றது யானை. ஹபரணையிலிருந்து கல்ஓயா தாண்டிக் கந்தளாய் வரை பாதை யானை நடமாடும் காட்டுக்குள்ளால் போகிறது. வேகமாக ஓடும் பாரமான வண்டியைப் பிரேக் பிடித்த இடத்தில் நிறுத்த முடியாது, சில நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும்; வேகம் குறைந்தால் அந்தத் தூரமும் குறையும். இரவில் எஞ்சின் விளக்கு வளைவுக்கு அப்பால் காட்டாது. 2025 பெப்ரவரி 20இல் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பு வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தன, வண்டியும் தடம் புரண்டது. இந்தப் பகுதிகளில் இரவு வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதனால்தான். அரை மணி பிந்தினாலும் பரவாயில்லை, அந்த மெதுவு தேவையான மெதுவு.

சரக்கைப் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் திருகோணமலைப் பாதையை உயிரோடு வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அந்த வேலை நடப்பது நகர ஸ்டேஷனில் அல்ல, அதற்கு முந்தைய சீனக்குடாவில். துறைமுகத்தின் உட்கரை ஓரமாகப் பாதை வளையும் இடம் அது. எண்ணெய்த் தாங்கிகளும், 1977 ஒப்பந்தத்தின் பேரில் வந்த பிரிமா மா ஆலையும் அந்தப் பக்கத்தில். கப்பலில் கோதுமை இறங்கி, மாவாகிக் கோச்சியில் கொழும்புப் பக்கம் போகிறது. கிண்ணியாப் பக்கம் போகிறவர்களுக்கும் நகரம் வரை வந்து திரும்புவதை விடச் சீனக்குடாவில் இறங்குவது கிட்ட. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அது இன்னும் இலகு.

நீங்கள் சொன்ன இரண்டாவது யோசனைக்கு வருகிறேன்: கொழும்பில் தங்கை வீட்டில் சில நாள் இருந்துவிட்டு அங்கிருந்து திருகோணமலை வருவது. அப்படியானால் கோச்சியை விட நல்லது ஒன்றுமில்லை. ஏறக்குறைய 300 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம் பிடிக்கும். இரவு மெயில் வண்டி கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு 9 மணியை ஒட்டிப் புறப்பட்டு விடியற்காலையில் இங்கே வந்து சேரும். இங்கிருந்து போகும் மெயில் மாலை 7 மணியை ஒட்டிக் கிளம்பும். நிமிடக் கணக்கு அவ்வப்போது மாறும், ஆகவே நேரத்தை ரிக்கற்றில் பாருங்கள், வேறெவர் சொன்னதையும் நம்பாதீர்கள், நான் எழுதியதையும் சேர்த்து. பகல் வண்டி உண்டா, கல்ஓயாவில் மாற வேண்டுமா என்பது காலத்துக்குக் காலம் மாறுகிற விஷயம். இரவு மெயில்தான் நிலையானது. அம்மாவுக்கு முதலாம் வகுப்புப் படுக்கை கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் இரண்டாம் வகுப்பில் முன்பதிவு ஆசனம். முன்பதிவு முப்பது நாளுக்கு முன் திறக்கும். நீண்ட வார இறுதி, பள்ளி விடுமுறை, சிவராத்திரி, ஆடி அமாவாசை நாட்களில் திறந்த கையோடு போய்விடும். இணையத்திலோ முன்பதிவு வசதியுள்ள ஸ்டேஷனிலோ எடுக்கலாம். பயணம் செய்கிறவரின் அடையாள அட்டை இலக்கத்தையே கொடுங்கள், அசலையும் கையில் கொண்டுவாருங்கள். வேறொருவர் பெயரில் எடுத்த ரிக்கற்றோடு ஏறி, சோதனையில் மாட்டி, வயதானவரோடு வாக்குவாதப்பட வேண்டாம். மூன்றாம் வகுப்பு ரிக்கற் அன்றன்றே கவுன்ரரில் கிடைக்கும், ஆனால் ஆசனம் உங்கள் பாடு. எழுபது வயதுக்காரருக்கு அது சரிவராது.

ஏறுவதிலும் கவனிக்க இருக்கிறது. கோட்டையில் மேடை விட்டு மேடை போக மேம்பாலப் படிக்கட்டு ஏற வேண்டும். வண்டி எந்த மேடை என்று அறிவிக்கும் வரை வாசலிலே நிற்காமல், முக்கால் மணி முன்னரே வந்து நிலைய ஊழியரிடம் கேட்டு, படிக்கட்டை அம்மா ஆறுதலாக ஏறும்படி நேரம் வையுங்கள். பல ஸ்டேஷன்களில் மேடை பெட்டியின் வாசலை விடத் தாழ்வு. கைபிடியைப் பிடித்து ஏறும்போது நீங்கள் பின்னால், இறங்கும்போது நீங்கள் முன்னால் கீழே நில்லுங்கள். ஆசனம் கழிப்பறைக்குப் பக்கத்திலும் வேண்டாம், மிகத் தூரத்திலும் வேண்டாம், ஓடுகிற பெட்டியில் நடப்பது விழுவதற்கு வழி. நள்ளிரவுக்குப் பிறகு காட்டுக் காற்று குளிரும், ஒரு போர்வையும் காது மூடத் துணியும் போதும். தண்ணீரும் ஒரு பொட்டலம் சாப்பாடும் கையோடு எடுங்கள். ஸ்டேஷனில் நிற்கும்போது கைப்பையை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பம் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கல்ஓயா என்றதும் பலர் அம்பாறைப் பக்கக் கல்ஓயாத் திட்டத்தை நினைக்கிறார்கள். சந்தி அதுவல்ல, அது ஹபரணைக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஸ்டேஷன். இன்னொன்று, கோட்டையில் மட்டக்களப்பு மெயிலும் இரவில்தான் நிற்கும். இரண்டும் கல்ஓயா வரை ஒரே பாதையில் வருவதால் வண்டி மாறி ஏறியவருக்குத் தவறு தெரியும்போது பொலன்னறுவை வந்திருக்கும். பெட்டியின் பலகையை வாசித்துவிட்டு ஏறுங்கள். அதேபோல் மட்டக்களப்பிலிருந்து இங்கே வர நினைப்பவர்கள் கோச்சியை மறந்துவிடலாம். கல்ஓயா சுற்றி வந்தால் ஏறக்குறைய 190 கிலோமீற்றர், மூதூர் வழி றோட்டில் 130 அளவுதான்.

திருகோணமலை ஸ்டேஷன் பாதையின் கடைசி, அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. தூங்கிவிட்டாலும் தாண்டிப் போகப் பயமில்லை, எல்லாரும் இறங்கிய பின் ஆறுதலாக இறங்கலாம். நகர மையத்துக்கு வடமேற்கே இருப்பதால் பஸ் நிலையம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு, கோயில் அதற்கும் அப்பால். நடக்க வேண்டாம், வண்டி வரும் நேரம் வாசலில் ஓட்டோ நிற்கும், ஏறுமுன் விலை பேசுங்கள். ஆனால் நேரே கோயிலுக்குப் போகாதீர்கள். இரவெல்லாம் இருந்து வந்த கால் வீங்கியிருக்கும், பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு உள்ளே கோயில் இருக்கும் சுவாமிமலை வரை ஏற்றம். விடியற்காலையில் அறை தர ஒத்துக்கொள்ளும் விடுதி ஒன்றை முன்னரே பேசி, குளித்து, இரண்டு மணித்தியாலம் கால் நீட்டிப் படுத்த பிறகு கிளம்பினால் வெயில் ஏறுமுன் கும்பிட்டு இறங்கிவிடலாம். திரும்பிப் போகும் ரிக்கற்றை வரும் ரிக்கற்றோடு ஒன்றாகவே எடுத்துவிடுங்கள். இங்கே வந்து இறங்கிய பிறகு அன்றிரவு மெயிலுக்கு இரண்டாம் வகுப்புத் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புத்தான் மிஞ்சுகிறது.